ஸ்கூட்டரில் டிஸ்க் ஆயில் குறைகிறதா? ‘கொஞ்சம் ஊத்திவிடுங்க’ என்று சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்!

பெட்ரோல் தீர்ந்தால் போடுகிறோம். டயரில் காத்து கம்மியாக இருந்தால் பிடிக்கிறோம். சர்வீஸ் தேதி வந்தால் இன்ஜின் ஆயில் மாற்றுகிறோம். ஆனால், வலது கை பிரேக் லிவருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருக்கிறதே, அதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ‘அப்படி ஒண்ணு இருக்கா?’ என்பதுதான் பலருடைய பதிலாக இருக்கும்.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுதான் பிரேக் ஃப்ளூயிட். மெக்கானிக் கடைகளில் ‘டிஸ்க் ஆயில்’ அல்லது ‘பிரேக் ஆயில்’ என்பார்கள். மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு டீ கிளாஸ் அளவுகூட வராது. ஆனால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஸ்கூட்டர் ஒரே விநாடியில் சுமார் 11 மீட்டர் தாண்டிவிடுகிறது. குறுக்கே ஆட்டோ திரும்பும் அந்த விநாடியில், விரல்களின் அழுத்தத்தை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோவது இந்த திரவம் மட்டும்தான்.

இதில் இரண்டு தவறுகள் சகஜமாக நடக்கின்றன. ஒன்று, லெவல் குறைந்தால் காரணம் பார்க்காமல் ஊற்றி நிரப்புவது. இன்னொன்று, லெவல் ஃபுல்லாக இருக்கிறது என்பதால் வருஷக்கணக்கில் மாற்றாமல் விடுவது. இரண்டுமே ஏன் தவறு?

எல்லா ஸ்கூட்டரிலும் டிஸ்க் ஆயில் இருக்குமா?

இருக்காது. டிரம் பிரேக் உள்ள பெரும்பாலான ஸ்கூட்டர்களில் லிவரை அழுத்தினால் கேபிள்தான் இழுக்கும். அங்கே பிரேக் ஆயிலுக்கு வேலையே இல்லை. டிஸ்க் பிரேக் இருந்தால் மட்டுமே இந்தக் கட்டுரை உங்கள் வண்டிக்குப் பொருந்தும்.

முன்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், துளைகள் உள்ள ஸ்டீல் தட்டு தெரிந்தால் அது டிஸ்க் பிரேக். ஆக்டிவா 125, ஜூபிட்டர் 125, ஆக்சஸ் 125 போன்ற மாடல்களில் டிரம், டிஸ்க் என இரண்டு வேரியன்ட்களும் வந்திருக்கின்றன. அதனால் மாடல் பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சக்கரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம் என்றால் ஆயில் தொட்டி பெரும்பாலும் வலது ஹேண்டிலில் ஒன்றுதான் இருக்கும். ஏத்தர் 450 வரிசை போல இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் உள்ள வண்டிகளில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

லிவரை அழுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது?

ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு பின்பக்கம் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமும் அமுங்காது. அதே சிரிஞ்சில் காற்று இருந்தால் சுலபமாக அமுங்கும். டிஸ்க் பிரேக்கின் மொத்த ரகசியமும் இதுதான்.

லிவரை அழுத்தியதும் ஹேண்டிலில் உள்ள மாஸ்டர் சிலிண்டரின் சின்ன பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் ஹோஸ் வழியாக முன்சக்கரத்தில் இருக்கும் காலிபருக்குப் போகிறது. அங்கே இருக்கும் பெரிய பிஸ்டன், பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் இறுக்குகிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவும் என்று 17-ம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் சொன்ன விதிதான் இது. பள்ளியில் படித்த அதே பாஸ்கல் விதி!

காலிபர் பிஸ்டன் பெரிதாக இருப்பதால் விசையும் பல மடங்காகிறது. அதனால்தான் இரண்டு விரலால் அழுத்தினாலே வண்டி நிற்கிறது. ஆனால், திரவத்துக்கு நடுவே காற்றோ, ஆவியோ புகுந்துவிட்டால் கதை மாறிவிடும். லிவரை அழுத்தும் விசை அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே போய்விடும்.

லெவலை எப்படிப் பார்ப்பது?

டூல்ஸ் எதுவும் வேண்டாம். அரை நிமிஷம் போதும்.

1. சமமான தரையில் வண்டியை சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். சைடு ஸ்டாண்டில் வண்டி சாய்ந்திருப்பதால் லெவல் தப்பாகத் தெரியும்.

2. ஆயில் தொட்டி மட்டமாக இருக்கும்படி ஹேண்டிலைத் திருப்பி வையுங்கள். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் ஹேண்டில் நேராக இருந்தாலே போதும். சிலவற்றில் லேசாகத் திருப்ப வேண்டியிருக்கும்.

3. லிவருக்கு அருகே, ஓட்டுபவர் பக்கமாக இருக்கும் வட்டக் கண்ணாடியைப் பாருங்கள். ‘லோயர்’ அல்லது ‘மின்’ என்று ஒரு கோடு இருக்கும். ஆயில் அதற்கு மேலே இருக்க வேண்டும். சில மாடல்களில் இந்தக் கண்ணாடி ஹேண்டில் கவரின் சின்ன இடைவெளி வழியாகத்தான் தெரியும்.

4. கோடே தெரியவில்லையா? முழுக்க நிரம்பியிருந்தாலும், சுத்தமாகக் காலியாக இருந்தாலும் கண்ணாடி ஒரே மாதிரிதான் தெரியும். பழைய கண்ணாடியில் கறை படிந்தும் ஏமாற்றலாம். ஹேண்டிலை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே திரவம் அசைவது தெரியும். வெளிச்சம் குறைவாக இருந்தால் போன் டார்ச்சைப் பயன்படுத்தலாம்.

5. கடைசியாக நிறத்தைக் கவனியுங்கள். புது ஆயில் கிட்டத்தட்ட நிறமே இல்லாமலோ, வெளிர் தேன் நிறத்திலோ இருக்கும். காபி டிகாஷன் மாதிரி கறுத்திருந்தால் மாற்ற வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால், நிறம் நன்றாக இருப்பதால் மட்டும் ஆயில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. காரணம் பின்னால் வருகிறது.

லெவல் ஏன் குறைகிறது?

பிரேக் ஆயில், பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் அல்ல. அது மூடிய பாதைக்குள்ளேயே இருக்கிறது, எரிவதில்லை. அப்படியென்றால் குறைந்த ஆயில் எங்கே போனது? இரண்டே பதில்கள்தான்.

ஒன்று, பேடு தேய்ந்திருக்கிறது. பேடு தேயத் தேய, டிஸ்க்கைத் தொடுவதற்கு காலிபர் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து நிற்கும். அது விட்டுவைக்கும் இடத்தை மேலே தொட்டியில் இருக்கும் ஆயில் வந்து நிரப்பும். அதனால் மாதக்கணக்கில், மெதுவாக லெவல் இறங்கும். இது கோளாறு இல்லை. ‘பேடைப் பாரு’ என்று வண்டி சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு, எங்கேயோ கசிகிறது. சில நாட்களிலோ, ஒன்றிரண்டு வாரங்களிலோ லெவல் இறங்கினால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதி, ஹோஸ் சேரும் இடங்கள், காலிபர், முன்சக்கரத்தின் உள்பக்கம் ஆகிய இடங்களில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். லிவருக்குக் கீழே பெயின்ட் உப்பியோ, உரிந்தோ இருந்தால் அதுவும் கசிவின் அடையாளமாக இருக்கலாம். கசியும் ஆயில் பேடில் பட்டால் பிரேக் பிடிக்காமல் வழுக்கும்.

‘கொஞ்சம் ஊத்திவிடுங்க’ - இதில் என்ன தப்பு?

“அண்ணே, டிஸ்க் ஆயில் கம்மியா இருக்கு. கொஞ்சம் ஊத்திவிடுங்க.”

“ஊத்தறது இருக்கட்டும் தம்பி... முதல்ல பேடைப் பாப்போம்.”

இப்படிச் சொல்லும் மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பேடு தேய்ந்த நிலையில் தொட்டியை நிரப்பிவிட்டால் கண்ணாடியில் ஆயில் ஃபுல்லாகத் தெரியும். மனசுக்குத் திருப்தியாகவும் இருக்கும். ஆனால், பேடு தேய்ந்திருக்கும் தகவல் அதோடு மறைந்துவிடும். உலோகத்தோடு உலோகம் உரசும் ‘கிரீச்’ சத்தம் வரும்வரை யாருக்கும் தெரியாது. அதற்குள் டிஸ்க்கிலும் கோடு விழுந்திருக்கும். பேடு மாற்றும் சின்னச் செலவு, டிஸ்க்கையும் சேர்த்து மாற்றும் பெரிய செலவாகிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. புது பேடு போடும்போது பிஸ்டனை மறுபடி உள்ளே தள்ளுவார்கள். அப்போது காலிபரில் இருந்த ஆயில் மேலே தொட்டிக்குத் திரும்பி வரும். நடுவில் நீங்கள் நிரப்பிய ஆயிலுக்கு இடம் போதாமல் வழியும். ஆக, பேடால் குறைந்த லெவல் பேடு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பேடு மாற்றிய உடனே வண்டியை எடுத்துக்கொண்டு பறக்க வேண்டாம். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் ஒன்றிரண்டு அழுத்தத்தில் லிவர் சும்மா உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. நின்ற இடத்திலேயே லிவரைப் பலமுறை அழுத்தி, கெட்டியானதும் கிளம்புங்கள்.

ஆயில் ஃபுல்லா இருக்கு... அப்புறம் ஏன் மாற்றணும்?

பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இருக்கும் பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் குணம். மழைக்காலத்தில் மூடாமல் வைத்த உப்பு ஜாடி கசிகிற மாதிரிதான் இதுவும். ரப்பர் ஹோஸ் வழியாகவும், தொட்டியின் மூடி வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை.

ஈரம் சேர்ந்தால் என்ன ஆகும்? கொதிநிலை இறங்கும். ‘டாட் 4’ ஆயிலை எடுத்துக்கொள்வோம். தர அளவுகோலின்படி, புதிதாக இருக்கும்போது அது குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. சுமார் 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்த நிலையில் இந்த அளவு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. அதாவது, 75 டிகிரி பாதுகாப்பு காணாமல் போகிறது. கண்ணாடியில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. லெவலும் அப்படியே இருக்கும்.

ஊருக்குள் ஓட்டும்போது இது பெரிதாகத் தெரியாது. வார இறுதியில் மலைக்குப் போகும்போதுதான் தெரியும். ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் 70. பின்னால் ஒருவர், தோளில் பேக். இறங்கும்போது லிவரைப் பிடித்தபடியே வந்தால் டிஸ்க், பேடு, காலிபர் எல்லாம் கொதிக்கும். அந்தச் சூடு ஆயிலுக்கும் போகும். ஈரம் சேர்ந்த ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டானால், லிவர் ஹேண்டிலைத் தொடும்வரை உள்ளே போகும், வண்டி நிற்காது.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. வண்டியை எப்படியோ நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் பிரேக் ஆறியிருக்கும். ஆவி மறுபடி திரவமாகி, லிவரும் பழையபடி கெட்டியாகிவிடும். ‘ஒண்ணுமில்லப்பா, சரியாயிடுச்சு’ என்று கிளம்பினால் அடுத்த சில வளைவுகளில் அதே நிலைமைதான். ஒரு தடவை இப்படி நடந்தாலே, ஆயிலை மாற்றாமல் அந்த வண்டியில் அடுத்த மலைப் பயணம் வேண்டாம்.

இதனால்தான் பல நிறுவனங்களின் ஓனர் மேனுவல், 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றச் சொல்கிறது. உங்கள் மாடலுக்கு எத்தனை ஆண்டு என்பதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். இது கிலோமீட்டர் கணக்கு அல்ல, காலக் கணக்கு. ஒர்க் ஃப்ரம் ஹோமில் வண்டி வீட்டிலேயே நின்றாலும் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். ‘5 வருஷத்துல 8,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு’ என்று சொல்லி விற்கப்படும் செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டரை வாங்கினால், முதலில் மாற்ற வேண்டியவற்றில் பிரேக் ஆயிலும் ஒன்று. எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கும் இதே விதிதான். ரீஜென் வசதி இருப்பதால் பேடு மெதுவாகத் தேயலாம். ஆயிலுக்கு வயதாவது நிற்காது.

டாட் 3, டாட் 4, டாட் 5... எது வாங்குவது?

தொட்டியின் மூடியிலேயே எழுதியிருக்கும். அதுதான் இறுதி. இப்போதைய ஸ்கூட்டர்களில் ‘டாட் 3’ அல்லது ‘டாட் 4’ என்று போட்டிருப்பதைப் பரவலாகப் பார்க்கலாம். டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச் சுருக்கம். எண் கூடக்கூட, தாங்க வேண்டிய வெப்பநிலையும் கூடும்.

• டாட் 3 - புதிதாக 205 டிகிரி, ஈரம் சேர்ந்தால் 140 டிகிரி

• டாட் 4 - புதிதாக 230 டிகிரி, ஈரம் சேர்ந்தால் 155 டிகிரி

• டாட் 5, டாட் 5.1 - புதிதாக 260 டிகிரி, ஈரம் சேர்ந்தால் 180 டிகிரி

‘எண் பெரிசு, அப்போ டாட் 5 தான் பெஸ்ட்’ என்று வாங்கிவிடாதீர்கள். டாட் 5 சிலிக்கான் வகை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. சிலிக்கானும் கிளைக்காலும் ஒன்றாகக் கலக்காது. பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் டாட் 5 வேறு, டாட் 5.1 வேறு.

இன்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் என்று கையில் கிடைத்ததை ஊற்றுவது இன்னும் ஆபத்து. எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். ஒட்டுமொத்த பிரேக் சிஸ்டத்தையும் கழற்ற வேண்டியதுதான்.

நாமே டாப்-அப் செய்யலாமா?

பேடு நன்றாக இருக்கிறது, கசிவு இல்லை, ஆனாலும் லெவல் கோட்டை ஒட்டி இருக்கிறது என்றால் செய்யலாம். பொறுமை மட்டும் வேண்டும்.

சீல் பிரிக்காத புது பாட்டில் வாங்குங்கள். போன வருஷம் திறந்து வைத்த பாட்டில் வேண்டாம். அது அலமாரியிலேயே ஈரம் குடித்திருக்கும். தொட்டியின் மூடியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத் திறங்கள். ஸ்க்ரூக்கள் மென்மையானவை, சரியான அளவு ஸ்க்ரூ டிரைவர் இல்லையென்றால் தலை வழுக்கிவிடும். மூடி திறந்திருக்கும்போது லிவரை அழுத்தவே கூடாது. ஆயில் பீய்ச்சி அடிக்கும். மேல் கோட்டுக்கு மேலே நிரப்பவும் கூடாது. சூட்டில் ஆயில் விரிவடைய இடம் இல்லாமல் போனால் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

பிரேக் ஆயில் பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். சுற்றிலும் பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள். சிந்தினால் முதலில் மூடியைப் போட்டுவிட்டு, உடனே நிறைய தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கையுறை போடுவது நல்லது. கண்ணில் பட்டால் தண்ணீரில் தொடர்ந்து கழுவிவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். இது விஷம் என்பதால் மீதியை கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில்.

முழுவதுமாக ஆயில் மாற்றுவதும், மெக்கானிக்குகள் ‘ஏர் எடுக்கறது’ என்று சொல்லும் வேலையும் அனுபவம் உள்ளவர்களுக்கானவை. உள்ளே ஒரு காற்றுக் குமிழி தங்கினாலும் பிரேக் பலவீனமாகிவிடும். ஏபிஎஸ் உள்ள ஸ்கூட்டர் என்றால் சர்வீஸ் சென்டரே சரி.

எப்போது வண்டியை எடுக்கவே கூடாது?

• லிவர் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கினால்

• ஒன்றுக்கு இரண்டு தடவை அழுத்தினால்தான் பிரேக் பிடிக்கிறது என்றால்

• ஆயில் லோயர் கோட்டுக்குக் கீழே இருந்தால்

• காலிபரிலோ, ஹோஸிலோ ஈரம் தெரிந்தால்

‘மெதுவா ஓட்டிட்டுப் போய் காட்டிடலாம்’ என்று நினைக்க வேண்டாம். மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள், அல்லது தள்ளிக்கொண்டு போங்கள்.

ஓடும்போதே லிவர் உள்ளே போய்விட்டால்? லிவரை வேகமாக விட்டு விட்டு அழுத்துங்கள். இன்னொரு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். பின்பக்கம் டிரம் என்றால் அது கேபிளில் இயங்குவதால், முன்பக்க ஆயில் கொதித்தாலும் வேலை செய்யும். ஆக்சிலரேட்டரை விட்டு, ஓரம் கட்டி நிறுத்துங்கள். மலை இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு வருவது வேண்டாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் பிடித்து, பிறகு முழுவதுமாக விட்டு ஆற விடுங்கள்.

சர்வீஸுக்கு விடும்போது என்ன கேட்க வேண்டும்?

“பிரேக் செக் பண்ணிடுங்க” என்று பொதுவாகச் சொன்னால், லிவரை ஒரு தடவை அழுத்திப் பார்த்ததோடு வேலை முடிந்துவிடலாம். மூன்று கேள்விகளாகக் கேளுங்கள்: பேடு இன்னும் எவ்வளவு இருக்கிறது? ஆயில் டாப்-அப் செய்தீர்களா, முழுசா மாற்றினீர்களா? எந்த டாட் போட்டீர்கள்? மாற்றியிருந்தால் பில்லில் தேதியோடு இருக்க வேண்டும். அந்தப் பில்லை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, 2 வருஷம் கழித்து வரும் அதே தேதிக்கு போனில் ரிமைண்டர் போட்டுவிடுங்கள்.

மாதம் ஒரு முறை டயர் காத்து பார்க்கும் நாளிலேயே அந்த வட்டக் கண்ணாடியையும் பார்த்துவிடலாம். குறைந்திருந்தால், ஊற்றுவதற்கு முன் காரணம் தேடுங்கள். குறையவே இல்லையென்றாலும் கெடு தேதி வந்ததும் மாற்றிவிடுங்கள்.